இரண்டாவது குருவி

“ஒரே குருவிதாங்க அம்மணி. அழிச்சுப்போடுங்க.” திருமலைசாமி அழிரப்பரையும் எடுத்து நீட்டினார். பறவைக் கணக்கெடுப்புக்கு அவர்தான் தலைவர்.

செவ்வந்தி வாங்கவில்லை. சத்தியமங்கலத்துக்கு மேலே, ஓடைக்கரைப் புங்கமரத்தடியில் நின்று, தாளில் பென்சிலால் இரண்டு பெயர் எழுதியிருந்தாள். பச்சைக் கதிர்க்குருவி, பெரியலகுக் கதிர்க்குருவி. இரண்டும் இலையோடு இலையாக இருப்பவை; கண்ணை நம்பிப் பிரயோசனமில்லை, காதுதான். இரண்டுக்கும் ஊசிமுனைக் குரல். ஒன்று ‘சிஸ்லி’ என்று வழுக்கி இறங்கும். மற்றது ‘டி-ட்வீ’ என்று ஒரு படி ஏறும். அந்த ஒரு படிக்காக மூன்று பனிக்காலமாக முதல் பஸ்ஸில் வந்து கழுத்து நோக நின்றிருக்கிறாள். பெரியலகு பட்டியலில் ஏறினால் அவள் பேரில் முதல் பதிவு.

“முப்பது வருசமா இந்த ஓடையில கேக்கறனுங்க. பெரியலகு இங்க வந்ததே இல்ல. உங்க ஊட்டுல நீங்கதான் மொதல் டிகிரின்னாங்க. ஆசை இருக்குமுங்க. அதுக்காக இல்லாததை எழுதலாமுங்களா?”

‘ங்க’ போட்டே செவுளில் அறைய இந்த ஊரில்தான் முடியும். கூட வந்த தேஜஸ்ரீ தன் செருப்பைப் பார்த்தாள்.

‘டி-ட்வீ.’

பெண்கள் இருவரும் அண்ணாந்தார்கள். திருமலைசாமி அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நொடி பிந்தி அண்ணாந்தார்.

செவ்வந்திக்குச் சுரீரென்றது. அந்த ஒரு நொடியை அவள் வீட்டில் தினமும் பார்க்கிறாள். இருபது வருடம் நூல்மில் இரைச்சலில் நின்ற அம்மா, செல்போன் சிணுங்கினால் இப்படித்தான் முதலில் மகள் முகத்தைப் பார்ப்பாள். அம்மாவிடம் அது பாவமாக இருக்கும். இங்கே அது தீர்ப்பு எழுதுகிறது.

“ஏனுங்க சார், கண்ணை மூடிக்குங்க. குருவி கத்தறப்பெல்லாம் கையைத் தூக்குங்க. தேஜஸ்ரீ எண்ணட்டும்.”

“எனக்கே பரீட்சை வெக்கறீங்களா?”

“ஆமாங்க. மூணு வருசமா நீங்க எனக்கு வெச்சீங்கல்ல?”

வீம்புக்குத்தான் மூடினார். ‘டி-ட்வீ.’ கை தொடையோடு கிடந்தது. ‘சிஸ்லி.’ கிடந்தது. மறுபடி ‘டி-ட்வீ.’ எண்ண வேண்டிய தேஜஸ்ரீ ஒரு விரல்கூட மடக்கவில்லை. பிறகு இலைகூட அசையாத ஓர் அமைதியில், அழிரப்பரோடு அந்தக் கை கம்பீரமாக மேலே போனது.

செவ்வந்தி பையிலிருந்து நீல மைப் பேனாவை எடுத்து, பென்சில் எழுத்தின்மேல் அழுத்தி எழுதத் தொடங்கினாள். ‘பெரியலகு’ வரை வந்திருப்பாள், மரம் மறுபடி ‘டி-ட்வீ’ என்றது.

அந்தக் கை அப்போதுதான் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.