வால் முளைத்த புள்ளி

பிஸ்டலின் முதுகில் பொருத்திய சிறு கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளிக்கு இன்றும் வால் முளைத்திருந்தது. உருண்டையாகத் தெரிய வேண்டியது, நெற்றிக் குங்குமம் வேர்வையில் வழிந்ததுபோலக் கீழே இழுபட்டுக் கிடந்தது. சுட்டேன். ஓட்டை தாளின் ஓரத்தில் விழுந்தது.

"பூனாகலை, திரும்பவும் புள்ளியத் தேடுற" என்றார் பின்னால் நின்ற ஹபீஸ் சார்ஜன்ட்.

பொலிஸ் துப்பாக்கிச் சுடும் அணிக்கு எங்களைப் பழக்குபவர் அவர். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே அவருக்குக் கிடையாது, ஊர்ப் பெயர்தான். என்னோடு பழகும் துஷாந்தினி 'பசறை', சுபாஜினியாகிய நான் 'பூனாகலை'. தினமும் ஒரே பாடம்தான். இரண்டு கண்ணையும் திறந்து வை. இலக்கை மட்டும் பார், புள்ளியைப் பார்க்காதே. பிஸ்டலைக் கண்ணுக்குக் கொண்டு வா, தலையைக் குனிந்து அதைத் தேடிப் போகாதே. மணிக்கட்டு நேராக இருந்தால் புள்ளி தானாக வந்து இலக்கின்மேல் உட்காரும். அது ஆடத்தான் செய்யும், நிற்கட்டும் என்று காத்திருந்தால் கைதான் சோரும்; ஆடுகிறபோதே விசையை மெல்ல அழுத்து. பழைய பிஸ்டலின் குழல் நுனியில் குறிபார்க்க இருக்கும் முள்ளையே உற்றுப் பார்த்துப் பழகியவளுக்கு இது தலைகீழ்ப் பாடம். இருந்தும் கற்றுக்கொண்டேன். ஆடி மாதத்தில் என் ஓட்டைகளை எல்லாம் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம்.

பிறகு ஆயுத பூசை வந்தது. எங்கள் தோட்டத்து லயத்தில் அன்றைக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியிலிருந்து ஆட்டோ வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்போம். என் ஆயுதம் மட்டும் என்ன பாவம் செய்தது? பிடியில் ஒரு பொட்டு வைத்தேன், சும்மா இருக்காமல் அந்தக் கண்ணாடியிலும் ஒன்று வைத்துவிட்டேன். சார்ஜன்ட் தலையில் கைவைத்துக்கொண்டார். துடைத்தோம், பஞ்சால் துடைத்தோம், மருந்து தொட்டும் துடைத்தோம். வால் போகவில்லை. அணி முழுக்க என்னைக் கேலி செய்தது. அதற்கு முன்பே வால் இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வருகிற திங்கட்கிழமை அணிக்கு இறுதித் தெரிவு. தேறினால் கொழும்பு. தேறாவிட்டால் பழையபடி ஸ்டேஷன்தான், முறைப்பாடு சொல்ல வருகிற நம் சனத்துக்கும் சிங்கள இன்ஸ்பெக்டருக்கும் நடுவே நின்று மொழி பெயர்க்கிற வேலை. அடி வாங்கியவள் அழுவதை அழாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சுடும் இடத்தில் என் நாக்கு யாருக்கும் தேவைப்படாது. அங்கே நின்றபோதுதான் பொலிஸ்காரி என்று எனக்கே நம்பிக்கை வந்தது. அம்மாவோ மகள் கொழும்புக்குப் போகிறாள் என்று தோட்டத்தில் வேலை பிரிக்கிற காலைப் பெரட்டில் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டாள்.

"சார், கண்ணாடி கெட்டுப் போச்சு. வேற ஒண்ணு மாத்திக் குடுங்க" என்றேன்.

அவர் முதலில் புள்ளியின் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்கச் சொன்னார். வால் கொஞ்சம் சுருங்கியது, அவ்வளவுதான். பிறகு ரவைகளைக் கழற்றி, உள்ளே ஒன்றும் இல்லையென்று இரண்டு தரம் பார்த்து, பிஸ்டலை மணல் மூட்டைமேல் வைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் தன் போனைப் பிடித்துப் படம் எடுத்தார்.

சந்தனமாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தண்டனை கிடைத்தாலும் பரவாயில்லை, குற்றம் என் கையோடு போகட்டும். அண்ணன் ரஜீவுக்கும் தெருவிளக்குக்கு வால் முளைத்துத்தான் ஆரம்பித்தது. கருவிழி கூம்பிக்கொண்டு போகிறது என்றார் பதுளை டொக்டர். மூக்குக் கண்ணாடி மாற்றி மாற்றிப் பார்த்தும் பயனில்லை. இப்போது அவன் சுவரைத் தடவித்தான் வாசலுக்கு வருகிறான்.

போனில் புள்ளி உருண்டையாக இருந்தது.

துஷாந்தினி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "நல்லாத்தானே இருக்குடி. சாமி ஒன்னக் கைவிடல." சார்ஜன்ட் சிரிக்கவில்லை. வெறும் பிஸ்டலை என் கையில் தந்து, இலக்குப் பக்கம் நீட்டிப் பார்க்கச் சொன்னார்.

"வால் எந்தப் பக்கம்?"

"கீழ சார்."

"பிஸ்டல வலது பக்கம் நல்லா சரிச்சுப் பிடி. இப்ப?"

சரித்தேன். கண்ணாடி படுத்துக்கொண்டது.

"இப்பவும் கீழதான் சார்" என்று சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது. பிஸ்டல் சரிந்திருந்தது, கண்ணாடியில் இருக்க வேண்டிய வால் அதோடு சரியவில்லை. வேறு பக்கம் சொல்லியிருக்கலாமே என்று வெட்கமில்லாமல் நினைத்தேன்.

அவர் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"கண்ணாடியில பிழையில்ல, மகள்" என்றார்.

பூனாகலை என்று கூப்பிட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கையை நீட்டினார், பிஸ்டலை வாங்கிக்கொள்ள. அந்த உள்ளங்கை என் முன்னால் விரிந்தபடியே நின்றது. நான் இன்னும் நீட்டிய கை மடக்காமல், இரண்டு கண்ணையும் திறந்து, இலக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.