ஐந்து ஆள் தண்ணீர்

1

“அந்தக் கெணத்துல மாமாவை எறக்காதீங்கப்பா.”

இன்று காலை ஏழே காலுக்கு இதைச் சொன்னேன். சொல்லவே கூடாது என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கிணற்று வேலைக்குக் கிளம்புகிற ஆளைப் பார்த்து வீட்டுப் பெண்பிள்ளை ‘எறங்காத’ என்று வாயைத் திறந்தால் அது தடை. தடை விழுந்தால், படி தாண்டிய ஆள் திரும்பி வந்து உட்கார வேண்டும். ஒரு சொம்பு தண்ணீர் குடிக்க வேண்டும். உச்சி சாய்ந்த பிறகுதான் மறுபடி கிளம்பலாம்.

அப்பா அப்படியே செய்தார். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் விட்டார். எட்டு மணி பஸ் போய்விட்டது. இனி ஒரு மணி பஸ்ஸில்தான் அவரும் மாமாவும் வேப்பனப்பள்ளிக்குப் போவார்கள்.

கதை பிறந்த விதம் என்று முன்னுரைகளில் நயமாக எழுதுவார்கள். இந்தக் கதை பிறந்த விதம் இவ்வளவுதான்: அப்பா முன்னறையில் என்மேல் கோபமாக உட்கார்ந்திருக்கிறார். நான் பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு மணிக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். என்ன என்று தெரியவில்லை. தெரியாதபோது எனக்கு எழுதத்தான் வரும்.

2

தொடக்கங்கள்.

“கிருஷ்ணகிரி மலைக்குப் பின்னாலிருந்து மாசி மாதத்துச் சூரியன் மெல்ல” (அடித்துவிட்டேன். சூரியனுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.)

“1968-ஆம் ஆண்டில், பம்புசெட் கிணறுகளில் முழுகிப் பிழைக்கும் தொழிலாளர்களின் நிலையை நோக்குமிடத்து” (இது கட்டுரை. கல்லூரியில் இதற்கு நல்ல மார்க் போடுவார்கள்.)

“சகாயநாதன் ஒரு கொடுமைக்காரர்.” (பொய். ஆனால் கை தானாக எழுதிவிட்டது. அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.)

நேராகவே சொல்கிறேன். சகாயநாதன் என் அப்பா. கிணற்றில் முழுகுகிறவர். மோட்டார் வைத்த கிணறுகளில் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடியில் ஒரு வால்வு இருக்கும். அது அடைத்துக்கொண்டாலோ நழுவிச் சிக்கிக்கொண்டாலோ மேலே மோட்டார் வெறுமனே ஓடும். அப்போது யாராவது மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிவரை போய் அதைக் கழற்றி எடுக்க வேண்டும். இரண்டு பேர் போவார்கள். ஒருவர் இறங்குவார், ஒருவர் கயிறு பிடிப்பார். இருபத்திரண்டு வருஷமாக அப்பாவோடு போனவர் கரியப்பன். போன ஐப்பசியில் அவருக்குக் காது கிழிந்து ரத்தம் வந்து, அதோடு நின்றுவிட்டார்.

அவர் இடத்துக்கு வந்தவர் என் அக்காள் புருஷன் அருள்ஜோசப், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருஷம் பிட்டராக இருந்தார். போன வருஷம் ஆர்டர் இல்லையென்று பாதி ஷிப்டை வீட்டுக்கு அனுப்பினார்கள், இவரும் வந்தார். இவருக்கு நீச்சல் தெரியும். தெரிந்தது அவ்வளவுதான்.

3

பழகாதவன் மேலே நிற்கட்டும், பழகியவர் இறங்கட்டும், அதுதானே நியாயம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். தொழிலில் அது தலைகீழ். கயிறு பிடிக்கிறவனுக்குத்தான் அனுபவம் வேண்டும். கீழே இருப்பவன் வேலை செய்கிறானா, உதறுகிறானா, கயிறு கல்லில் உரசுகிறதா என்பது மேலே இருப்பவனின் உள்ளங்கைக்குத் தெரிய வேண்டும்.* அது தெரிய ஐந்தாறு வருஷம் ஆகும்.

ஆகவே புதியவன்தான் இறங்குவான்.

ஆகவே கிணறு புதியவனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

அப்பா முதல் ‘ஆகவே’யை வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டார்.

(* ஒரு முறை இழுத்தால் ‘தளர்த்து’. இரண்டு முறை இழுத்தால் ‘தூக்கு’. இரண்டாவது இழுப்பு வராமல் மேலே இருப்பவன் தூக்கக் கூடாது. தூக்கினால் கீழே இருப்பவனைப் பார்த்து நீ ஆம்பளையா என்று கேட்ட மாதிரி. யார் வைத்த சட்டம் என்று கேட்டேன். “சும்மா இரு” என்றார்கள்.)

4

ஒரு கதாநாயகியை உருவாக்கி, அவள் கிணறுகளைப் பட்டியல் போட்டாள் என்று எழுதலாம். எதற்கு? நான்தான் போட்டேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி, பி.எஸ்ஸி., பௌதிகம், பதினாலு மாதமாக வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருப்பவள். நேரத்துக்கா பஞ்சம்.

கரியப்பன் வீட்டுக்குப் போய், அவர் காதில் கத்திக் கத்திக் கேட்டு எழுதினேன். நாற்பத்தொரு கிணறுகள். தண்ணீர் எத்தனை ஆள்**, அடிவரை படி உண்டா, குழாய் நேராக நிற்கிறதா, நடுவில் கால் வைத்து மூச்சு வாங்க இடம் உண்டா, அடியில் பக்கவாட்டில் சுரங்கம் குடைந்திருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு வரி சொன்னார். வேப்பனப்பள்ளி சென்னகிருஷ்ணன் கிணற்றுக்கு அவர் சொன்னது: “அதுல பாம்பே யோசிச்சுத்தான் எறங்கும்.”

(** ஓர் ஆள் என்றால் ஒரு மனிதன் உயரம். ஐந்தரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

மாமாவுக்கு ஆகும் என்று நான் குறித்தது ஒன்பது கிணறு. எல்லாம் இரண்டு ஆளுக்கு உட்பட்டவை. சென்னகிருஷ்ணன் கிணற்றுக்கு நேரே எழுதினேன்: ஐந்து ஆள். சுரங்கம் உண்டு. வேண்டவே வேண்டாம்.

பட்டியலை அப்பாவிடம் கொடுத்தேன். கட்டில் கால் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நாலாக மடித்து அதன் அடியில் வைத்தார்.

அதற்குப் பிறகு தை மாதம் குருபரப்பள்ளியில் ஒரு கிணறு. என் ஒன்பதில் ஒன்றுதான், இரண்டு ஆள் தண்ணீர். நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். மாமா இறங்கினார். நான் எண்ணினேன். வால்வு கழற்றுவது ஒரே மூச்சில் ஆகிற வேலை இல்லை. கொஞ்சம் தளர்த்துவது, மேலே வருவது, மூச்சு வாங்கி மறுபடி போவது என்று ஐந்தாறு முழுக்கு ஆகும். நாற்பது எண்ணினேன். அறுபது. எண்பது. அப்பா கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார், தூக்கவில்லை. தொண்ணூற்றைந்தில் மாமா வந்தார். கையில் வால்வு. மூக்கிலிருந்து ரத்தம்.

தோட்டக்காரர் கை தட்டினார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. நான் பாஸ் பண்ணின அன்றைக்குக்கூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.)

பேச்சு பரவிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது சென்னகிருஷ்ணன் வாசலில் நின்றிருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்.

“உங்க அல்லுடு ஒரே முழுக்குல எடுத்தாராமே, சகாயம்.”

“மாப்ள பெங்களூரு பிட்டருங்க. கை பேசும்.”

“என் தோட்டத்துல ஐநூறு மாஞ்செடி வாடுது. கெணறு நெறைய தண்ணி. மேல ஒரு சொட்டு ஏறல. வால்வு போயி சொரங்க வாயில மாட்டிக்கிச்சு.”

“சனிக்கெழம வந்துடறோம்.”

எத்தனை ஆள் நிற்கிறது என்று அப்பா கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். மாமா கேட்கவில்லை. அவருக்குக் கேட்கத் தெரியாது. நான் வாயைத் திறந்தபோது அக்காள் ஆரோக்கியசெல்வி என் கையைக் கிள்ளிச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

“இப்பத்தான் அவரு மூஞ்சில மறுபடி களை வந்திருக்கு. உன் படிப்பைக் கொண்டாந்து அதுல கொட்டாத.”

5

எனக்கு அப்பாவின் பாத்திரத்தில் சந்தேகம் இருக்கிறது. கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டதால் அவரை அங்கே நிறுத்துகிறேனோ? காலையில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீங்களே பாருங்கள்.

“பெரிய படிப்பு வாயத் தொறந்துட்டா. உக்காருங்க மாப்ள.”

“ரெண்டு ஆளுக்கு மேல மாமா போனதே இல்லப்பா.”

“எனக்கு மட்டும் ரெண்டு ஆளு, மூணு ஆளுன்னு படி கட்டியா எறக்கிவுட்டாங்க?”

“அதுக்காக?”

“கயிறு என் கையில இருக்கு. அதுக்கு மேல என்னா வேணும் ஒனக்கு?”

“அவரு இழுத்தாத்தான தூக்குவீங்க. இழுக்கலன்னா?”

அப்பா “தண்ணி குடு” என்றார்.

இந்த இடத்தில் ‘அவர் கண்ணில் பயம் தெரிந்தது’ என்று எழுதி அடித்தேன். தெரிந்ததா, தெரிய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனா, இப்போது சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். போன வருஷம் நாலு ஆள் கிணற்றிலிருந்து ஏறி வந்து அப்பா ஒரு மணி நேரம் வரப்பில் மல்லாந்து கிடந்தார். அதற்குப் பிறகு ஆழக் கிணறு எதிலும் அவர் இறங்கவில்லை. சென்னகிருஷ்ணனிடம் முடியாது என்று சொன்னால் யாருக்கு முடியாது என்ற கேள்வி வரும். மாப்பிள்ளைக்கு முடியாது என்றால், நீ இறங்கேன் என்பார்.

ஆக, கொடுமைக்காரர் இல்லை. கொடுமைக்காரராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

6

எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் வந்தேன். மாமா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஸ்பேனருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கடையில் வாங்கின புது ஸ்பேனர் மாதிரி மின்னிற்று.

“என்னா எழுதற பிலோமினா?”

“உங்களத்தான்.”

“சாவறனா?”

“இன்னும் முடிவு பண்ணல.”

“பண்ணா முன்னாடியே சொல்லு. நல்ல சட்டை போட்டுக்கறேன்.”

நான் சிரிக்கவில்லை. அவர் ஸ்பேனரைத் துணியில் துடைத்தார்.

“பயமா இருக்கா மாமா?”

யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. பட்டியல் போட்ட நானும் கேட்கவில்லை. கரியப்பனைக் கேட்டேன், கிணறுகளைப் பற்றி நாற்பத்தொரு கேள்வி கேட்டேன், இறங்கப்போகிறவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

“தண்ணிக்கா? தண்ணிக்கு இல்ல.” ஸ்பேனரைக் கல்மேல் வைத்தார். “குருபரப்பள்ளில நட்டு மூணு சுத்து கழண்டுடுச்சு. இன்னும் ரெண்டே சுத்து. நெஞ்சு வெடிக்குது, மேல போ மேல போங்குது. கை வர மாட்டேங்குது. எட்டு வருசத்துல பாதி கழண்ட நட்டை வுட்டுட்டு நான் பெஞ்சை வுட்டு எழுந்ததில்ல. சூப்பர்வைசர் நிக்க வெச்சுக் கேப்பான்.”

“கெணத்துக்குள்ள ஏது சூப்பர்வைசரு?”

“கைக்குத் தெரியலயே.”

“அஞ்சு ஆளுலயும் இப்படித்தான் நிப்பீங்களா?”

“நிப்பேன்னுதான் தோணுது.” யாரோ மூன்றாவது மனிதரைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார்.

“அப்பாகிட்ட சொன்னீங்களா?”

“என்னான்னு சொல்றது? ஒரே முழுக்கு, ஒரே முழுக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காரு. எங்கப்பாகூட என்னைப் பத்தி அப்படிப் பேசினதில்ல.” பிறகு, பெங்களூரில் கெட்டுப்போன மெஷினைப் பற்றிச் சொல்கிற தோரணையில், “என்னைக் கேட்டா இது முழுகற வேலையே இல்ல. ஒரு டீசல் இஞ்சின் வாடகைக்கு வெச்சு ரெண்டு நாள் எறைச்சா மூணு ஆளு தண்ணி கொறைஞ்சுடும். மாஞ்செடியும் குடிச்சுக்கும். அப்புறம் அது உன் ஒம்பது கெணத்துல ஒண்ணாயிடும்.”

அவர் என் பட்டியலைப் படித்திருக்கிறார்.

“இதை அந்தத் தோட்டக்காரருகிட்டச் சொல்ல வேண்டியதுதான?”

“முழுகறவன் போயி தண்ணிய எறைங்கன்னு கேப்பானா? உங்கப்பா மானம் போயிடும் புள்ள.”

7

முடிவுகள்.

அ) மாமா மேலே வரவில்லை. கயிறு இழுபடவில்லை. அப்பா சட்டப்படி காத்திருக்கிறார். இதை என்னால் நன்றாக எழுத முடியும், பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கும். என் போன கதையை ‘முடிவில் சோகம் போதவில்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். ஐந்து ஆள் ஆழத்தில் மனிதனின் நெஞ்சின்மேல் மேலே இருப்பதைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு பாரம். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். போதுமா அவர்களுக்கு?

ஆ) மாமா ஒரே முழுக்கில் வால்வோடு வருகிறார். சென்னகிருஷ்ணன் கை தட்டுகிறார். இது (அ)வைவிட மோசம். அடுத்த கிணறு ஆறு ஆள்.

இ) கிணற்றங்கரையில் கடைசி நிமிஷத்தில் அப்பா கயிற்றைக் கீழே போட்டு, “வேணாம் மாப்ள” என்கிறார். இந்த முடிவுக்காகத்தான் நான் காலையிலிருந்து பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் எனக்கே புரிகிறது. அவரைக் கொஞ்சம் நல்லவராக எழுதினால் அவர் அப்படிச் செய்துவிடுவார் என்று. காகிதத்தில் செய்வார். காகிதத்தில் கிணறு இல்லை.

ஈ) நான்

மணி பத்தே முக்கால். பதினொன்றுக்கு ஒரு பஸ் உண்டு. அதில் அவர்களுக்கு முன்னால் நான் போகிறேன். வேப்பனப்பள்ளியில் இறங்கி, சென்னகிருஷ்ணன் தோட்டத்துக்குப் போய், வேலையாட்கள் நின்றாலும் சரி, அவர்கள் எதிரிலேயே சொல்வேன்: எங்கள் ஆள் இரண்டு ஆளுக்கு மேல் இறங்கினதில்லை. மூன்று ஆள் தண்ணீரை இறையுங்கள். இறைத்த பிறகு வருவார், அதுவரை வர மாட்டார்.

இதற்கு அப்புறம் அப்பாவை யாரும் ஆழக் கிணற்றுக்குக் கூப்பிட மாட்டார்கள். அக்காள் என்னோடு பேசாமல் போகலாம். மாமாவுக்கு இரண்டாவது தடவையாக வேலை போகலாம், இந்தத் தடவை என்னால். எல்லாவற்றையும் யோசித்தாகிவிட்டது. யோசித்து முடித்ததில் ஒன்றும் குறையவில்லை. இருந்தும் போகிறேன்.

சென்னகிருஷ்ணன் சரி என்றாரா, சிரித்தாரா, நாயை அவிழ்த்து விட்டாரா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மாமாவை மட்டும் சாகடிக்காதீர்கள். அதற்கு உங்களுக்கு அனுமதி இல்லை. மற்றபடி உங்கள் இஷ்டம்.

இந்த வரியை நின்றுகொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது. தெருவுக்குப் போக முன்னறை வழியாகத்தான் வழி. அப்பா எழுந்திருக்கவில்லை, பீடிப் புகை வருகிறது. கதவைத் திறந்து