ஆர்.ஐ.பி. போட்டவன்

தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. அன்றைக்கு லாரி லாரியாகத் தக்காளிப் பெட்டி ஏற்றியிருந்தான் மாது. அதியமான்கோட்டை வீட்டில் சுவரில் சாய்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. சென்னப்பன் பெண்சாதி குள்ளம்மாள் செத்துப்போனாள். மஞ்சள்காமாலை.

மண்டியில் சென்னப்பனும் மாதுவும் ஜோடி. ஒருவன் கீழே நின்று தூக்கிவிட, இன்னொருவன் லாரிமேல் நின்று வாங்குவான். மாது கால் முறிந்து கிடந்தபோது வத்தல்மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்து, களி கிண்டிப் போட்டவள் குள்ளம்மாள். அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

மண்டி குரூப்பில் ஆர்.ஐ.பி. வந்துகொண்டே இருந்தது. தரகர் போட்டார். டிரைவர்கள் போட்டார்கள். டீக்கடைக்காரன் கும்பிடும் கையோடு போட்டான். அது என்னவென்று மகள் கனிமொழியைக் கேட்டான். ஆத்மா சாந்தி அடையட்டும் என்பதுதான், இப்போது எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள் என்றாள். முன்பெல்லாம் மண்டியில் இங்கிலீஷ் லோடு, டேமேஜ், அட்வான்ஸ் என்று சரக்கோடு நின்றது. இப்போது சாவுக்கும் வந்துவிட்டது. வலியோடு கிடந்தவனுக்கு அது சௌகரியமாகவும் இருந்தது. அவனும் ஒன்று போட்டான். காலையில் பிணம் எடுப்பதற்குள் போய்விடலாம் என்று படுத்தவன், விடிந்ததும் மண்டிக்குப் போனான்.

பெண்சாதி சுகுணா மட்டும் தனியாக மலைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். மச்சான் வரவில்லையா என்று சென்னப்பன் இரண்டு தடவை கேட்டதாகச் சொன்னாள்.

"போன்ல போட்டா எழவு கேட்டதா ஆயிடுமா? ஆளு போவ வேணாமா?"

போகிறேன் என்றான். செவ்வாய்க்கிழமை ஆகாது என்றான். சனிக்கிழமையும் ஆகாது. மற்ற நாளெல்லாம் லோடு இருந்தது.

இதற்கிடையில் சென்னப்பன் போனிலிருந்து பதில் வந்தது. தேங்ஸ் ப்ரோ.

மாது அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தேங்ஸ் என்ற பேச்சு அவர்களுக்குள் இருந்ததே இல்லை. களி தின்றதற்கு அவன் சொன்னதில்லை. சென்னப்பன் மகன் ஸ்கூல் பீசுக்கு மாது ஓடியதற்கு சென்னப்பனும் சொன்னதில்லை. ப்ரோ என்பது லாரிப் பையன்கள் முன்பின் தெரியாதவனைக் கூப்பிடுவது. சென்னப்பன் மகன் எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுப்பியிருப்பான் என்றாள் கனிமொழி. இருக்கலாம். மாது கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

கருமாதி முடிந்து சென்னப்பன் தாடியோடு மண்டிக்கு வந்தான். மாது அவன் பக்கத்தில் போய் இரண்டு கையையும் நீட்டினான். துக்கம் கேட்பவன் நீட்டுவான், பறிகொடுத்தவன் தொட்டு வாங்கிக்கொள்வான். சென்னப்பன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"கருமாதி ஆயிடுச்சு மச்சான். இனிமே கேக்கக் கூடாது. வூட்டுக்கு ஆவாது."

சாரிடா என்று மாதுவின் வாயிலிருந்து வந்துவிட்டது. வேறு சொல் அகப்படவில்லை.

"நீ சாரின்னுட்ட. நான் ஓக்கேங்கறேன். தீந்துதா?"

சத்தம் போடவில்லை. மேஸ்திரியிடம் போய் இனி கோவிந்தனோடு சேர்ந்து ஏற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த லாரிப் பக்கம் நடந்தான்.

இப்போதும் எதிர்ப்பட்டால் நின்று பேசுகிறான். சாப்பிட்டாயா என்று கேட்கிறான். வத்தல்மலை பஸ் தினம் மண்டி வாசலைத் தாண்டித்தான் போகிறது. ஏறிப் போனாலும் இனி எதைக் கேட்பது என்று மாதுவுக்குத் தெரியவில்லை. குள்ளம்மாளுக்கு அவன் கேட்க வேண்டிய எழவு பாக்கி.