பதினொன்றரைக்கு மில் ஓடும்

ஜனகராஜ் சார் பாடம் நடத்தினால் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் கேட்கும். பள்ளிக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்காலும் இரண்டு வயலும் உண்டு. பதினோரு வருஷமாக அந்தக் குரலை வைத்துத்தான், வாடிப்பட்டிக்கு மேற்கே இருந்த அந்த ஈராசிரியர் பள்ளியைத் தலைமையாசிரியராக அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஐந்து வகுப்பு, இருபத்தாறு பிள்ளைகள். மழையில் ஒழுகிய ஓர் அறையைப் பூட்டிவிட்டதால் மிச்சமிருந்தது ஒரே அறை. பள்ளிச் சுவரை ஒட்டி சோணைமுத்துவின் மாவு மில். மில் ஓடினால் சார் குரலைக் கூட்டுவார். நின்ற பிறகு குறைக்க மறந்துபோவார்.

அவருக்குத் துணையாக ஜூன் மாதம் வந்து சேர்ந்தவள் பிருந்தா. பள்ளி மேலாண்மைக் குழு போட்ட தற்காலிக ஆசிரியை. வில்லாபுரத்தில் வீடு. ஆரப்பாளையம் வந்து, பஸ் மாறி, ஒன்பது மணிக்கெல்லாம் பள்ளியில் இருப்பாள். இயற்பியலில் பட்டம் வாங்கி, பிறகு ஆசிரியர் பயிற்சியும் முடித்தவள். எல்லாம் சரி, குரல்தான் இரண்டாம் வரிசையைத் தாண்டாது. அவள் காலையில் சொல்லும் வணக்கத்தையே சார் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தவர், குழுவின் தலைவி அகிலாண்டத்திடம் விஷயத்தைச் சொன்னார். அகிலாண்டத்தின் மகன் கார்த்திகேஷ் அங்கேதான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான்.

"நல்ல பிள்ளைதாம்மா. ஆனா அஞ்சு வகுப்பைக் கட்டி மேய்க்க அந்தத் தொண்டை பத்தாது. வேற ஆள் பாப்போம்."

"ஏன் சார், ஆடா மேய்க்கப் போறாக? எம் மகன் வீட்டுக்கு வந்தா டீச்சர் அதச் சொன்னாக இதச் சொன்னாகன்னு அந்தப் பேச்சாத்தான் கெடக்கான்."

"சொன்னாகளா? அது எங்க பேசுது?"

அகிலாண்டம் சிரித்துவிட்டாள். "ஒண்ணு செய்வோம். ஒருநாள் முழுக்க அஞ்சு வகுப்பையும் அந்தப் புள்ளகிட்ட விடுங்க. நீங்க பின்னால உக்காந்து பாருங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது. சாயங்காலம் நான் வாரேன். நீங்க வேணாம்னு சொன்னா வேணாம், அம்புட்டுத்தான்."

பிருந்தாவிடம் இதை அப்படியே சொன்னார்கள். வேலை போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. அவள் ஒன்றுதான் கேட்டாள்: "எந்த நாள் சார்?"

"புதன்கிழமை வச்சுக்குவோம்."

அவள் முகம் ஏனோ ஒரு கணம் சுருங்கியது.

செவ்வாய்க்கிழமை மாலை திட்டத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். ஒரு கிராஃப் தாள். கீழே ஒன்பதரையிலிருந்து நாலு பத்து வரை நேரம். மேலே மலை மாதிரி ஏறி இறங்கும் ஒரு கோடு.

"என்னம்மா இது, ஆஸ்பத்திரி காய்ச்சல் சார்ட்டு மாதிரி?"

"சத்தம் சார்."

மூன்று மாதமாகக் குறித்துவைத்திருக்கிறாள். பத்து பத்துக்கு டிராக்டர். பதினொன்றரை முதல் பன்னிரண்டரை வரை மில். புதன் என்றால் மாவுக்குப் பதில் மிளகாய். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஊரே அமைதி. இது வெளியிலிருந்து வரும் சத்தம். இதற்குமேல் வகுப்புக்குள்ளேயே எழும் சத்தத்தைப் புள்ளிக்கோடாகப் போட்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு பாடுகிற நேரத்தில் மூன்றாம் வகுப்பு எழுதும். நான்காம் வகுப்பு கணக்கைப் பேசிப் போடும்போது சின்னவர்கள் முற்றத்தில் கல் அடுக்குவார்கள். காதால் படிக்க வேண்டியதெல்லாம் கோடு இறங்கிய இடத்தில் இருந்தது. கையால் செய்ய வேண்டியதெல்லாம் கோடு ஏறிய இடத்தில். மிளகாய் நேரத்துக்கு எல்லா வகுப்புக்கும் பின்பக்க வேப்பமரத்தடி.

ஜனகராஜ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றரை மணிக்குத் தமிழ்ச் செய்யுள் என்று கால அட்டவணை எழுதியவர் அவர்தான். பதினோரு வருஷமாக மில்லோடு மல்லுக்கு நின்று செய்யுள் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்தப் பாடத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

"பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை காலை சுவருக்குச் சுவர் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதில் துணி கிளிப்புகளில் காகிதத் துண்டுகள் தொங்கின. வகுப்புக்கு ஒரு நிறம். துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, பக்கத்தில் ஒரு படம். ஒரு வேலை முடிந்ததும் பிள்ளைகள் கயிற்றை நிமிர்ந்து பார்த்தார்கள். அடுத்ததைத் தொடங்கினார்கள். பிருந்தா அவர்களுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்தாள்.

சார் பின்னால் நாற்காலியில் இருந்தார். இரண்டு தடவை வாய் தானாகத் திறந்தது. இரண்டு தடவையும் மூடிக்கொண்டார். டீச்சர் சொல்வது காதில் விழ வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளே பேச்சைக் குறைத்துக்கொள்வதை அவர் அன்றுதான் பார்த்தார். பக்கத்துப் பையனின் வாயைப் பொத்தி, "இருடா, டீச்சர் பேசுறாக" என்றான் கார்த்திகேஷ். அவன் இப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

பதினொன்றரை ஆனது. எல்லோரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். மில் ஓடவில்லை.

பிருந்தா சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மாதாந்திர மின்தடை. மாதம் ஒருநாள் வரும் என்பது அவள் நோட்டில் இருந்தது. அது எந்தத் தேதி என்று விசாரிக்கத்தான் விட்டுவிட்டாள். அன்றைக்குக் கிடைத்த நல்ல அமைதியெல்லாம் படம் வரைவதிலேயே கழிந்தது. போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் மின்சாரம் திரும்பி வந்தால்?

அது இரண்டேகாலுக்கு வந்தது.

இரண்டேகாலுக்குக் கயிற்றில் இருந்தது மூன்றாம் வகுப்பு வர்ஷினியின் துண்டு. வர்ஷினி தனக்குள் நன்றாக வாசிப்பாள். நாலு பேர் முன்னால் என்றால் வாய் கட்டிக்கொள்ளும். ஒரு வாரமாக ஒரே பக்கத்தைப் பழகியிருந்தாள். எழுந்து நின்றாள். புத்தகத்தைப் பிரித்தாள். முதல் சொல்லுக்கு உதடு குவிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மில் உறுமியது.

காலையில் அரைக்காத மிளகாயெல்லாம் இப்போது அரைபட்டது. ஜன்னல் ஓரத்தில் ஒரு குட்டிப் பெண் தும்மினாள். அடுத்து இருவர். பிறகு யார் தும்மவில்லை என்று சொல்ல முடியவில்லை. நிஜத் தும்மலுக்கு நடுவே பொய்த் தும்மலும் கிளம்பியது. சார் எழுந்தார். அதட்டத்தான் எழுந்தார். அவருக்கே ஒரு பெரிய தும்மல் வந்து நாற்காலியில் உட்கார வைத்தது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

போச்சு, என்று நினைத்தார் அவர். அரை நிமிஷத்தில் இந்தப் பெண்ணின் வேலை போச்சு. அது போகக் கூடாதே என்று தமக்குள் ஒரு பதற்றம் இருப்பதை உணர்ந்தபோது அவருக்கே வியப்பாக இருந்தது.

பிருந்தா வர்ஷினியின் தோளில் கைவைத்து உட்காரச் சொன்னாள். அந்தத் துண்டைக் கழற்றித் தன் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டாள். கடைசியில் தொங்கிய ஐந்தாம் வகுப்புத் துண்டை எடுத்தாள். 'ரோட்டில் போகும் வண்டிகளை எண்ணிப் பட்டை வரைபடம் போடுக' என்று இருந்தது. 'ரோட்டில் போகும் வண்டிகளை' என்பதை அடித்துவிட்டு 'தும்மல்களை' என்று எழுதினாள். கயிற்றில் மாட்டினாள்.

கார்த்திகேஷ்தான் முதலில் படித்தான். "டேய், தும்மலை எண்ணணுமாம்டா!"

"பொய்த் தும்மலு சேருமா?"

"சேராது. மூக்கு ஒழுகுனாத்தான் கணக்கு."

"ஹெச்.எம். சாருக்கு ஒண்ணு போடு. பெரிய தும்மலு, ரெண்டாப் போடு!"

ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் தும்மலுக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் கொட்டாங்குச்சியில் போட்டார்கள். மூன்றாம் வகுப்பு எண்ணிச் சொன்னது. பெரியவர்கள் கட்டம் போட்டு நிறம் தீட்டினார்கள். யாரும் யாரையும் அதட்டவில்லை. இரைச்சலுக்குள்ளேயே வேலை நடந்தது. பிருந்தா கரும்பலகையில் ஒரு கேள்வியை மட்டும் எழுதினாள்: 'ஜன்னல் பக்கம் எத்தனை? கதவுப் பக்கம் எத்தனை?'

ஜன்னல் பக்கம் நாற்பத்தொன்று. கதவுப் பக்கம் பதினேழு. பிள்ளைகள் எண்களைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள். பிறகு யாரும் சொல்லாமலே ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாய்களைக் கதவுப் பக்கம் இழுத்தார்கள். மறுபடி எண்ணினார்கள். ஒன்பது.

"டீச்சர், கொறஞ்சிருச்சு!" என்று கத்தியது இரண்டாம் வகுப்பு.

சார் தம் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு அந்த வரைபடத்தைப் பார்த்தார். உயரமான பட்டை, அதன் அருகில் குட்டைப் பட்டை. இருபத்தாறு பிள்ளைகளுக்கும் அது என்னவென்று தெரிந்திருந்தது. இப்படி ஒரு பாடம் தம் கையால் நடந்ததுண்டா என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

நாலு பத்துக்கு மணி அடித்தபோதும் மில் ஓடிக்கொண்டிருந்தது. அகிலாண்டம் மூக்கை முந்தானையால் மூடியபடி வந்தாள்.

"என்ன சார், வாயத் தொறந்தீகளா?"

"தும்முறதுக்குத் தொறந்தேன்."

"சரி, முடிவச் சொல்லுங்க. வேணுமா, வேணாமா?"

அவர் பதில் சொல்லுமுன் பிருந்தா முன்னால் வந்தாள். கண் தரையில் இருந்தது. "சார், இன்னைக்குத் திட்டம் முழுசா நடக்கலை. மின்தடை தேதியைக் கேக்காம விட்டது என் தப்பு. வர்ஷினி வாசிக்கவே இல்லை." தலைப்பில் குத்தியிருந்த துண்டைக் கழற்றி நீட்டினாள். "ஒரு வாரமாப் பழகுச்சு சார். நான் இருந்தாலும் இல்லாட்டாலும், நாளைக்குக் காலைல முத வேலையா அதை வாசிக்க விட்டுருங்க. ஒன்பதரைக்குச் சத்தமே இருக்காது."

அவளுக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்று சாருக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் துண்டை வாங்கி, கயிற்றின் முதல் இடத்தில் தாமே மாட்டினார். கிளிப் சரியாகப் பிடிக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

"வாசிக்கிறப்ப அந்தப் பிள்ளை என் மூஞ்சியப் பாத்தா பயந்துரும். பக்கத்துல நீங்கதான் நிக்கணும் டீச்சர். எப்பவும்போல ஒன்பது மணிக்கே வந்துருங்க."

"வேணும்ங்கிற ஒரு வார்த்தைய இம்புட்டுச் சுத்தியா சொல்லுவாக?" என்றாள் அகிலாண்டம்.

ஜனகராஜ் மேசை டிராயரைத் திறந்து குழுவின் தீர்மான நோட்டை எடுத்தார். ஆண்டு இறுதி வரை பிருந்தாவே தொடரலாம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை அகிலாண்டத்திடம் நீட்டினார்.