பன்னிரண்டு லினக்ஸும் ஒரு பிஸ்கட் டின்னும்

திரேஸ்புரம் கடற்கரையில் ஐஸ் பிளான்ட் மாடியில் இருக்கும் நாட்டுப்படகுச் சங்கத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள் உண்டு. யாரோ ஒரு கப்பல் ஏஜென்ட் கடையை மூடியபோது சும்மா கொடுத்துவிட்டுப் போனவை. உப்புக் காற்றில் பென்டிரைவ் சொருகும் ஓட்டைகளெல்லாம் பச்சை பூத்து, ஒவ்வொரு மிஷினிலும் ஒரே ஒரு ஓட்டைதான் உயிரோடு இருந்தது. பிலோமினா தினமும் சாயங்காலம் மூன்றுக்கும் பிளாஸ்டிக் பையைப் போர்த்திவிட்டுப் போவாள். காலையில் எடுத்து மடித்து வைப்பாள். பத்தொன்பது வருஷமாக அந்த அலுவலகத்தில் அவள்தான் டைப்பிஸ்ட், கிளார்க், போன் எடுக்கிற ஆள், எல்லாம்.

பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது என்று திரையில் எழுத்து வர ஆரம்பித்தது. புது விண்டோஸோ அந்தக் கிழட்டு மிஷின்களை ஏறிட்டும் பார்க்காது. சங்கச் செயலாளர் பர்னபாஸ் நாலு பேரிடம் கேட்டார். "லினக்ஸ் போடுங்க, சும்மாவே கிடைக்கும்" என்றார்கள். 'சும்மா' என்ற சொல் சங்கத்தில் எல்லோருக்கும் பிடித்த சொல். அத்தோடு விட்டிருக்கலாம். பர்னபாஸ் ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

"எந்த லினக்ஸ்?"

மெல்வின்தான் முதலில் வாயைத் திறந்தான். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பையன். அப்பாவுக்கு இரண்டு படகு. "உபுண்டு அங்கிள். கண்ண மூடிட்டுப் போடலாம்."

"கண்ண மூடிட்டுப் போட்டா அப்படித்தாம்ல இருக்கும்" என்றான் பொருளாளர் ரோச். சாகுபுரம் பாக்டரியில் வேலை, ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடேயே வந்திருந்தான். "மின்ட் போடுங்க அண்ணாச்சி. பழைய விண்டோஸ் மாதிரியே இருக்கும். எங்க மாமியாரே ஓட்டுதாவ."

ஜெராக்ஸ் கடை விக்டர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "இதெல்லாம் அடுத்தவன் கட்டின படகு. ஆர்ச்னு ஒண்ணு இருக்கு. மரத்த வாங்கிட்டு வந்து நாமளே கட்டுற மாதிரி. ஒவ்வொரு ஆணியும் நாம அடிச்சது."

"அது எப்பலே கடலுக்குப் போகும்?"

"கட்டி முடிச்சதும் அண்ணாச்சி."

"நீ எப்ப கட்ட ஆரம்பிச்ச?"

"ரெண்டு வருசம் ஆவுது."

பர்னபாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த கூட்டத்துக்குள் சண்டை தீர்ந்துவிடும் என்று நினைத்தார். அடுத்த கூட்டத்துக்கு மெல்வின் ஒரே பென்டிரைவில் பதினொரு லினக்ஸைப் போட்டுக்கொண்டு வந்தான். சொருகினால் வாக்காளர் பட்டியல் மாதிரி வரிசையாகப் பெயர் வந்தது. உபுண்டு, அதன் அண்ணன் தம்பிகள், டெபியன், சோரின், பெடோரா, மின்ட், அதிலேயே மூன்று வகை. வாரம் ஒன்று புதிதாகப் பிறக்கிறதாம். விக்டரின் ஆர்ச் தனி பென்டிரைவில் வந்தது. ஆகப் பன்னிரண்டு.

மூன்று பேரும் மாற்றி மாற்றி ஓட்டிக் காட்டினார்கள். ஒன்றில் ஜன்னல்கள் ஜெல்லிமீன் மாதிரி ஆடின. ஒன்றில் மலை, ஏரி என்று படம் வந்தது. விக்டருடையதில் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது. "அழகு, பாத்தியளா?" என்றான் விக்டர். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு வரி தமிழ் யாரும் அடித்துக் காட்டவில்லை என்பதை பிலோமினா மட்டும் கவனித்தாள்.

கூட்டம் கலைகிற நேரத்தில் பர்னபாஸ் அவள் மேசைக்கு வந்தார். "ஏளா பிலோமினா, எது வந்தாலும் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மானிய டீசல் பட்டியல் மீன்துறை ஆபீசுக்குப் போயாவணும். ஒனக்கு ஓட்ட வரலன்னா மறைக்காமச் சொல்லிரு. முத்தையாபுரத்துல ஒரு புள்ள கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சிட்டு வீட்டுல இருக்காம். ஜெயபிரியான்னு பேரு. வரச் சொல்லிருவோம்."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. டீ சொல்வது மாதிரிச் சொன்னார். அதுதான் பிலோமினாவைப் பயமுறுத்தியது.

ஏனென்றால் அவளுக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும். சாயர்புரம் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். பழைய டைப்ரைட்டரில் எந்த எழுத்து எங்கே இருந்ததோ அங்கேதான் அவள் விரல் போகும்; பழைய விண்டோஸிலும் அதே வரிசைதான். கண் காகிதத்தில் இருக்கும், வாய் அலுவலகம் பெருக்க வரும் சங்கரம்மாளிடம் பேசிக்கொண்டிருக்கும், விரல் பாட்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படகுக்காரர் பெயரையும் அப்பா பெயரையும் அடித்து முடித்திருக்கும். எழுத்து இடம் மாறினால் அவள் ஒன்றாம் கிளாஸ். வயது ஐம்பத்தொன்று. வீட்டில் அவளும் சுவரும்தான். இந்த அலுவலகத்தை விட்டால் பேசுவதற்குக்கூட ஆள் கிடையாது.

மெல்வினிடம் கேட்டுப் பார்த்தாள். "அது ஈஸி ஆன்ட்டி. இங்கிலீஷ்ல ஏ எம் எம் ஏ அடிச்சா அம்மான்னு வந்துரும்."

"அம்மாவ கூப்பிட இங்கிலீஷ் தெரு வழியா சுத்திட்டுப் போணுமாக்கும்" என்றாள் பிலோமினா. அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆண்கள் டீ குடிக்கக் கீழே இறங்கியதும் அவள் பென்டிரைவைச் சொருகினாள். பத்தொன்பது வருஷமாக மிஷினோடு குப்பை கொட்டுகிறவளுக்கு செட்டிங்ஸ் எங்கே, கீபோர்டு எங்கே என்று தேடிப் பிடிக்கத் தெரியாதா? முதலாவதில் தமிழ் இருந்தது, அவள் தமிழ் இல்லை. 'சங்கம்' என்று அடித்தால் பல் விழுந்தவன் பேச்சு மாதிரி ஏதோ வந்தது. அடுத்ததிலும் அப்படியே. டீ குடித்தவர்கள் சண்டையும் போட்டார்கள், அதனால் நேரம் கிடைத்தது. ஏழாவது பெடோரா. அதில் தமிழ் வரிசையைத் திறந்தால் ஒரு ஓரத்தில் டைப்ரைட்டர் என்று இருந்தது. பிலோமினா கையை வைத்தாள். 'திரேஸ்புரம் நாட்டுப்படகு' என்று விரல் சொன்னது, அப்படியே திரையில் வந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, சங்கரம்மாள் மட்டும்தான் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கண்ணுல தூசியா? நான் மெதுவாத்தான பெருக்குதேன்" என்றாள் சங்கரம்மாள்.

படியேறி வந்த பர்னபாஸிடம் பிலோமினா சொன்னாள். "அண்ணாச்சி, ஏழாவது நல்லாருக்கு. பெடோரா."

ரோச் சிரித்தான். "அதுல வாற நீலக் கலர் படத்தப் பாத்துச் சொல்லுதியளாக்கா?"

"நீ இதுல தலையக் கொடுக்காத" என்றார் பர்னபாஸ். "மூணு பேரு சண்டையே தாங்க முடியல. நாலாக்கிராத. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் திருவுளச்சீட்டு போட்டுருவோம். அந்தோணியார் எடுத்துக் குடுக்கதுதான்."

அந்தச் சங்கத்தில் எதற்கும் திருவுளச்சீட்டுதான். எந்தப் படகை எந்த இடத்தில் கட்டுவது என்று வருஷா வருஷம் போடுவார்கள்; கடலில் இறங்கும் படிக்கட்டு ஓரத்து முதல் இடத்துக்கு ஒரு சுற்று, மற்ற இடங்களுக்கு இன்னொரு சுற்று. பெயர்களை எழுதிச் சுருட்டிப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு அலுவலகத்து அந்தோணியார் சொரூபத்துக்கு முன்னால் வைத்து ஜெபிப்பார்கள். படகு இல்லாத ஆள் ஒருத்தர் எடுக்க வேண்டும். மிச்சச் சீட்டுகளைப் பிரிக்காமல் செயலாளர் கையாலேயே கடலில் போட்டுவிட வேண்டும். விழாத பெயரைத் தோண்டிப் பார்ப்பது அந்தோணியாரைச் சந்தேகப்படுகிற காரியம். படகுச் சீட்டை பர்னபாஸ்தான் எழுதுவார். மூன்று வருஷமாக அவருடைய 'ஆரோக்கிய மாதா' படகுக்குப் படிக்கட்டு ஓரத்து முதல் இடம் விழுந்திருந்தது. அவருக்கு அப்படி ஒரு அருள் என்று ஊரில் சொல்வார்கள்.

ஆனால் இந்தப் பன்னிரண்டு பெயரும் அவர் வாயில் நுழையவில்லை. "பிலோமினா, நீயே எழுதிரு. ஒன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மதியம் பிலோமினா வெள்ளைத் தாளைப் பன்னிரண்டாகக் கிழித்தாள். உபுண்டு என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோனாள். ஜெயபிரியா என்கிற, பார்த்தே இராத ஒரு பிள்ளை, தன் நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பையை மடிப்பது தெரிந்தது. பெடோரா என்று எழுதினாள். அடுத்ததிலும் பெடோரா. பன்னிரண்டிலும் பெடோரா. சுருட்டி டின்னில் போட்டுவிட்டு, சொரூபத்தைப் பார்த்து நெற்றியில் ஒரு குருசு போட்டுக்கொண்டாள். "நான் ஒம்ம கையப் புடிச்சு இழுக்கல. கொஞ்சம் வழி காட்டுதேன், அம்புட்டுதான்" என்றாள். அந்தோணியார் எப்போதும் போலக் கையில் ஏந்திய குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறன்று டின்னுக்கு முன்னால் முப்பது பேர். லினக்ஸ் என்றால் என்னவென்று தெரியாத இருபத்தாறு பேர் சீட்டு என்றதும் வந்திருந்தார்கள். சங்கரம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தாள். பர்னபாஸ் பிரித்தார்.

"பெடோரா."

"சரி, அதுவும் நல்லதுதான்" என்றான் மெல்வின். ரோச், மாமியாரைக் கேட்டிருந்தால் மின்ட் என்றுதான் சொல்லியிருப்பாள் என்று முனகினான். விக்டர் மட்டும் நகரவில்லை.

"அண்ணாச்சி, மிச்சத்தப் பிரிச்சுப் பாத்துருவோம்."

"எதுக்குலே?"

"எங்க ஆர்ச் உள்ள கெடந்துச்சான்னு தெரியணும். எழுதும்போதே விட்டுருந்தா?"

பிலோமினா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பிரிச்சாத்தான் என்ன?" என்று கூட்டத்தில் ஒரு குரல். "ஆமா, இனிமே படகுச் சீட்டையும் பிரிச்சே பாக்கலாம்" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல்.

அந்த இரண்டாவது குரலைக் கேட்டதும் பர்னபாஸ் செய்த காரியத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. டின்னைத் தூக்கி மூடி, குழந்தையை அணைப்பது மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "வழக்கத்த மாத்தக் கூடாது. எங்க அப்பா காலத்துலயும் பிரிச்சதில்ல. அந்தோணியாரையே சந்தேகப்படுதியளோ? பிலோமினா, எழுதினவ நீதான, வா. கடல்ல போடணும். மத்தவன் எவனும் வரப்பிடாது." கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. அந்த வேர்வையைப் பார்த்த பிறகுதான் பிலோமினாவுக்குப் படிக்கட்டு ஓரத்து முதல் இடத்தின் அருள் புரிந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பர்னபாஸ் முழங்கால் தண்ணீரில் இறங்கினார். டின்னைக் கவிழ்த்தார். பத்துச் சீட்டுகள் அலையில் போயின. ஒன்று மட்டும் வேட்டியில் ஒட்டிக்கொண்டது. உதறினார், போகவில்லை. விரலால் எடுத்தபோது அது தானாகவே விரிந்தது. படித்தார். மிதக்கிற ஒன்றை எட்டிப் பிடித்து அதையும் படித்தார். கரையில் நின்ற பிலோமினாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏளா, அந்தோணியாருக்குப் பெடோரா மேல இம்புட்டுப் பிரியமா?"

"ஒங்க படகு மேல இருக்குத அளவு இருக்காது அண்ணாச்சி."

பக்கத்தில் 'ஆரோக்கிய மாதா' படிக்கட்டில் இடித்து இடித்து ஆடிக்கொண்டிருந்தது. பர்னபாஸ் இரண்டு சீட்டையும் கசக்கி, கூழாகும்வரை தண்ணீரில் அலசினார்.

"வெள்ளிக்கிழமை பட்டியல் போயிருமா?"

"போயிரும்."

"அப்ப மேல போ. நான் கால் கழுவிட்டு வாரேன்" என்றார், கடலில் நின்றுகொண்டே.

திங்கட்கிழமை விக்டர்தான் மூன்று மிஷினிலும் பெடோராவை ஏற்றினான். மனசில்லாமல்தான் ஏற்றினான், ஆனால் ஒழுங்காக ஏற்றினான். முடித்துவிட்டுக் கேட்டான். "அக்கா, நெசமாச் சொல்லுங்க. அன்னைக்கு ஏன் இதுதான் நல்லாருக்குன்னு சொன்னிய?"

"டைப்ரைட்டர் எழுத்து இதுலதான இருக்கு."

விக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அது எல்லாத்துலயும் போட்டுக்கிடலாமே. உபுண்டு, மின்ட், எதுலயும். ரெண்டு நிமிச வேலை. ஆர்ச்சுலகூட..." யோசித்தான். "ஆர்ச்சுல ஒரு வாரம் ஆவும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லக்கா."

"நீங்க மூணு பேரும் எங்கிட்ட கேட்டியளா?"

விக்டர் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "டீ சொல்லட்டுமா?" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கெல்லாம் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பட்டியலில் ஏறி மீன்துறை ஆபீசுக்குப் போய்விட்டார்கள். பிலோமினா அடிக்கும்போது சங்கரம்மாளிடம் ஒரு சீரியல் கதை முழுவதையும் கேட்டு முடித்தாள். ஜெயபிரியா என்ற பெயரை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அடுத்த மாதம் படகு கட்டும் இடத்துக்குச் சீட்டுப் போடும் நாள் வந்தது. பர்னபாஸ் வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து பிலோமினாவின் மேசையில் வைத்தார். "எனக்குக் கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்கு. நீயே எழுதிரு" என்றார். அவள் ஒவ்வொரு படகின் பெயரையும் சுற்றுக்கு ஒரே தடவை எழுதினாள். எழுதியதை இரண்டு தடவை சரிபார்த்தாள்.

சங்கரம்மாள் ஒவ்வொன்றாக எடுத்தாள். 'ஆரோக்கிய மாதா'வுக்குக் கடைசி இடம் விழுந்தது, ஐஸ் பிளான்ட் கழிவுநீர் வந்து சேருகிற வாய்க்கால் பக்கத்தில். கூட்டத்தில் ஒருவன் மூக்கைப் பொத்திக் காட்டினான். பர்னபாஸ் கண்ணாடிக்கு மேலாக பிலோமினாவைப் பார்த்தார்.

"நான் ஒழுங்காத்தான் எழுதினேன் அண்ணாச்சி" என்றாள் மெதுவாக.

"அதான் தெரியுதே" என்றார் பர்னபாஸ்.