ஜன்னலுக்குக் கத்தரிப்பூ நிறம்

பதினெட்டு வருடம் வாடகை வீடுகளில், யாரோ அடித்துவைத்த வர்ணத்துக்குள் குடியிருந்துவிட்டுச் சொந்த வீடு அமைந்தபோது மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சுவரெல்லாம் உங்க இஷ்டம். ஜன்னல் சட்டம் மட்டும் நான் சொல்ற கலரு."

அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கும் வேலை. தெருவில் கண்ணாடிக்காரன் என்பார்கள். மயிரிழை தப்பினாலும் வில்லை வீணாகிவிடும் தொழில் என்பதாலோ என்னவோ, அவன் வாயும் கையும் அளந்துதான் அசையும். கோபம் வந்தால் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவான். அதற்கு மேல் அவன் கோபத்தை யாரும் பார்த்ததில்லை.

அவள் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் ஃபோன் எடுப்பவள். வர்ணக்கடை அட்டையை ஒரு வாரம் கைப்பையிலேயே வைத்திருந்து, மணி அடிக்காத நேரமெல்லாம் விரித்து விரித்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு சின்னச் சதுரத்தின் மேல் விரல் நின்றது. கத்தரிப்பூ நிறம்.

"தெருமுனையில திரும்பும்போதே இது நம்ம வீடுன்னு தெரியணுங்க," என்றாள்.

குறுக்கே வந்தது அவளுடைய அண்ணன். பெயின்டர்; இந்த வீட்டுக்கு வர்ணம் அடிப்பவரும் அவர்தான். அப்பா அம்மா போன பிறகு பதினோரு வயதுத் தங்கைக்குச் சோறு போட்டு ஆளாக்கியவர். சோறு போட்ட கையாலேயே அடித்தும் ஆளாக்கியவர். நாற்பத்திரண்டு வயதிலும் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். கல்யாணத்தன்று, நிமிர்ந்து உட்காரவில்லை என்று எல்லார் முன்னாலும் அவள் தலையில் நங்கென்று குட்டினார். கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரனும் சிரித்தான்.

"கத்தரிப்பூவா? வீடு கட்டிருக்கியா, வளையல் கடை வச்சிருக்கியா?" என்றார் மச்சான். "காப்பிக்கொட்டை கலர் அடிச்சா பத்து வருஷத்துக்கு அழுக்கு தெரியாது."

"தெரிஞ்சா தொடைச்சுக்கிறேண்ணே."

"மச்சான், அவ ஆசைப்படுறா," என்றான் கண்ணாடிக்காரன்.

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை."

அவன் சும்மா இருந்தான். பதினெட்டு வருடத்தில் நன்றாகக் கைவந்த வேலை அது.

சனிக்கிழமை அவளுக்கு அரை நாள் வேலை. மதியம் வீட்டுக்குள் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டாள். கூடத்தின் மூன்று ஜன்னல்களும் காப்பிக்கொட்டை நிறத்தில் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தன. கத்தரிப்பூ டப்பா மூடி திறக்காமல் மூலையில் கிடந்தது. மச்சான் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரன் அடுத்த அறையில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். காலையிலேயே பார்த்திருந்தான். அவள் வந்ததும் பதமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

அவள் கைப்பையைத் தரையில் வைத்தாள். கீழே கிடந்த துணியை வர்ணம் கரைக்கும் தின்னரில் நனைத்தாள். முதல் ஜன்னலின் சட்டத்தை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தாள். வர்ணம் வழித்துக்கொண்டு வந்தது.

"ஏய் பாப்பா, கையை எடு."

அவள் இரண்டாவது இழுப்பு இழுத்தாள். மச்சான் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினார். அவள் உதறியதில் துணி அவர் முகத்தில் பட்டு, தின்னர் கண்ணில் தெறித்தது. அடுத்து விழுந்த அறையில் அவள் சுவரில் மோதித் திரும்பினாள். உதடு கிழிந்து, பல் வரிசையெல்லாம் சிவப்பாகிவிட்டது. மச்சான் அவள் கொண்டையைக் கொத்தாகப் பிடித்து, கன்னத்தை ஈரச் சட்டத்தில் வைத்து அழுத்தினார்.

"நல்லா பாரு. இதான் கலரு. இதான் உன் வீட்டுக் கலரு. சொல்லு."

அறை வாசலில் நின்று கண்ணாடிக்காரன் பார்த்தான். மச்சானின் இடது கை அவள் தலைமேல் இருந்தது. வலது கை விரல்கள் விரிந்து ஜன்னல் திண்டில் ஊன்றியிருந்தன. டப்பா மூடியைத் தட்டி மூடுகிற சுத்தியல் தரையில் கிடந்தது. முகம் கழுவ வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

சுத்தியலின் முதல் அடி திண்டில் இருந்த கையின் நடுவில் இறங்கியது. காய்ந்த குச்சி முறிகிற சத்தம். மச்சான் அவளை விட்டுவிட்டார். அவள் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அதோடு முடிந்திருக்கலாம். மச்சான் கையை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தார். அந்தக் கையை இழுத்துத் திண்டில் வைத்து அவன் மறுபடி அடித்தான். அதே இடத்தில் இன்னொரு முறை அடித்தான்.

மச்சான் கத்தவில்லை. காளை முட்டுவதுபோல் தலையால் அவன் வயிற்றில் மோதினார். இருவரும் ஏணியோடு சாய்ந்தார்கள். வர்ண டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் காப்பிக்கொட்டை நிறம் ஓடியது. வழுக்கி விழுந்தவன் மேல் மச்சான் ஏறி உட்கார்ந்து, இருந்த ஒரு கையால் தொண்டையைப் பிடித்தார். கண்ணாடிக்காரன் விரலுக்கு அகப்பட்ட காதைப் பிடித்து முறுக்கினான்; உடைந்த கையைத் தேடிப் பிடித்துப் பிசைந்தான். அப்போதுதான் மச்சான் ஓலமிட்டார். அந்த ஓலம் அவனுக்கு இனித்தது. பின்னாளில் யாரிடமும் அவன் சொல்லாதது இது ஒன்றுதான்.

அவள் எழுந்து வந்து, திறக்காத கத்தரிப்பூ டப்பாவால் அண்ணன் முதுகில் ஒன்று வைத்தாள். புருஷன் தோளில் ஒன்று வைத்தாள்.

"போதும். ரெண்டு பேரும் போதும்."

டாக்ஸி பிடித்து அண்ணனை அவளே கூட்டிப்போனாள். கன்னத்தில் ஒட்டிய வர்ணத்தைக் கழுவவில்லை. ஆஸ்பத்திரியில் மச்சான், ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார். தங்கச்சி உதடு? அவளும் கூடவே விழுந்தாளாம்.

சாயங்காலம் திரும்பி வந்தவள் சுவரோரம் உட்கார்ந்தாள். உதட்டைப் பார்க்கலாம் என்று கண்ணாடிக்காரன் கையை நீட்டினான். அவள் வெடுக்கென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நான்தானே?" என்றான்.

"இத்தனை வருஷம் அண்ணன் கையைப் பாத்துப் பயந்தேங்க. இனிமே உங்க கையையும் பாத்துப் பயப்படணும்."

"உனக்காகத்தான அடிச்சேன்."

"மொத அடி எனக்காக."

அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

ஒரு மாதம் கழித்து, அவளிடம் சொல்லாமல் மச்சான் வீட்டுக்குப் போனான். மச்சான் கட்டுப் பிரித்த கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காமல் விறைத்து நின்றன.

"பிரஷ் பிடிக்க முடியல மாப்பிள்ளை. உருளை பிடிக்கலாம். சுவர் மட்டும் அடிக்கலாம்."

"தப்புத்தான் மச்சான்."

"எது தப்பு? மொத அடி நான் வாங்க வேண்டியது. மத்த ரெண்டும் எதுக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

கண்ணாடிக்காரன் யோசித்துப் பார்த்தான். கல்யாணத்தன்று சிரித்தது நினைவுக்கு வந்தது.

"பாப்பா வருவாளா?" என்று கேட்டார்.

"தெரியல."

"வராட்டிப் போகட்டும். நானும் அந்தப் பக்கம் வரல." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடிக்காரன் வந்துவிட்டான்.

ஜன்னல்களை அவளே தேய்த்தாள், அவளே அடித்தாள். முதல் ஜன்னலில் அவள் கன்னம் பதிந்த இடத்தில் நாலைந்து தலைமயிர் காய்ந்து ஒட்டியிருந்தது. உப்புத்தாளோடு கண்ணாடிக்காரன் அருகே போனபோது, "குடுங்க, நான் பாத்துக்கிறேன்," என்று வாங்கிக்கொண்டாள். ஒன்பது ஜன்னலுக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது. அடித்து முடித்த அன்று தெருமுனைவரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். ஒருவன் சைக்கிளை நிறுத்தி, "கண்ணைப் பறிக்குதுக்கா," என்று சொன்னானாம். பாராட்டா கிண்டலா என்று அவளுக்குப் புரியவில்லையாம்.

அவள் இருக்கும் அறைக்குள் நுழையும்போது கண்ணாடிக்காரன் இப்போதெல்லாம் வீட்டுச் செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்தான். சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றால் அவள் தோள் தூக்கிப்போடுவதை இரண்டு முறை பார்த்திருந்தான். நாலைந்து மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் காலை அவள் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"காலைத் தூக்கி வச்சு நடங்க. காதை அறுக்குது."