'போ' என்ற எழுத்துக்குப் பிறகு

1

மார்ச் 12, செவ்வாய். இன்று ஒரு சிறு பிழை செய்தேன்: காதில் விழாத சொல்லை எழுதிவிட்டேன். இந்தக் கதை அங்கே பிறந்தது. நான் போகும் மாலை எழுத்து வகுப்பில் ஒரு கதை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள் என்பதும் உண்மை.

2

முதல் வரி: 'பழுப்பு நாடா தன் நினைவுகளை உதிர்த்துக்கொண்டு...' [வேண்டாம். நாடாவுக்கு ஏது நினைவு? காந்தத் தூள்தான். அது உதிர்ந்தால் குரலும் போயிற்று.]

நடந்ததையே சொல்கிறேன். பழைய ஒலிநாடாக்களிலிருந்து குரலை மீட்டுக் கணினியில் ஏற்றி, பேச்சைத் தாளிலும் எழுதித் தரும் கடையில் வேலை செய்கிறேன். தையல்கார அக்கா ஒரு நாடா கொண்டுவந்தார். அவருடைய சிறுவயதில் வீட்டைவிட்டுப் போய்த் திரும்பாத அம்மா, கிளம்பும் முன் பேசிப் பதிந்தது.

ஈரமேறிப் பிசுபிசுத்த நாடாவை மிதமான சூட்டில் உலர்த்தி ஓடவிட்டேன்.

"பாப்பா, சமத்தா இரு. அம்மா போ..."

பிறகு சரசரப்பு. மிச்சத் தூள், நாடா உரசி ஓடும் கருவி முனையில் அப்பியிருந்தது. அதை இனி ஒட்டவைக்க முடியாது.

என் கை அதற்குள் 'போயிட்டு வரேன்' என்று எழுதி முடித்திருந்தது.*

* வாசல் தாண்டும்போது எல்லோரும் அப்படித்தானே சொல்வோம்? வெறும் 'போறேன்' என்றால் வீட்டில் திட்டு விழும்.

3

பதிவைக் கேட்கும் முன்பே அக்கா தாளைப் படித்துவிட்டார்.

"பாத்தியா தம்பி? அம்மா 'போறேன்'னு சொல்லிட்டுத்தான் போனாள்னு எங்கப்பா இத்தன வருஷமா சாதிச்சாரு. இனி அவர் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

அவர் போனதும் முதலாளி பதிவைக் கேட்டார். எதையும் சூடுபண்ணிப் பார்ப்பவர் என்பதால் எங்களுக்கு அவர் 'அடுப்பு அண்ணன்'.

"'வரேன்' எங்கடா இருக்கு?"

"அப்படித்தாண்ணே சொல்லிருப்பாங்க."

"நீ என்ன பக்கத்துல நின்னியா? கதைய உன் கிளாஸ்ல எழுது. இங்க கேட்டத எழுது."

4

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். அக்கா மறுபடியும் அந்தப் 'போ'வில் போய் நிற்கிறார்.

முடிவு ஆ: வாயைத் திறக்கவில்லை. அக்கா நிம்மதியாக, அந்த அப்பா தனியாக

[இதை முடிக்க முடியவில்லை. ஒருவேளை நான் எழுதியதே சரியாகவும் இருக்கலாம். அதுதான் குழப்புகிறது.]

அம்மா போ......

இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் படித்தபோதே அதை நிரப்பியிருப்பீர்கள். எதை வைத்து என்று உங்களையே கேளுங்கள்.

நாளை காலை வேலை: கருவி முனையைத் துடைப்பது. தையல் கடைக்கு நானே போய், அக்காவின் தாளில் 'யிட்டு வரேன்' என்பதை அடித்து, 'கேட்கவில்லை' என்று எழுதுவது.